எங்கிருந்து அளந்தீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்த நேரத்தில் மச்சினர் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவன் கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு மிஷின் ஷாப் வைத்திருக்கிறான். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறான்.

படத்தில் ஓர் அலுமினியப் பாகம். மழைக்காலத்தில் டி.வி. செய்தியில் வானிலைப் படம் காட்டுவார்களே, அது போல அதன் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் பரவிக் கிடந்தன. கீழே எழுதியிருந்தான்: "மாமா, 60 பீஸையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. லேசர் ஸ்கேன்ல சிவப்பு வருதாம். நான் அளந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. என்ன பண்றதுன்னே தெரியல."

அதற்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. இதே மாதிரி ஒரு சிவப்புப் படத்தை நம்பி, இன்னொருவர் வயிற்றில் அடித்து, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். கூடவே, இந்த லேசர் ஸ்கேனர் விஷயத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் 1976-இல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, 2014-இல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவன். முப்பத்தெட்டு வருடம் அளந்ததுதான் என் பிழைப்பு. மோட்டார், பம்பு, அவற்றுக்கான வார்ப்புகள், கடைசல் பாகங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெர்னியரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. என்று படித்துப் படித்துத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஸ்கேனர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இருட்டான அறையில், சுவரில் நேர்கோடாக ஒளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு சொம்பை வைத்தால், சாய்வான இடத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோடு வளைந்து தெரியும். சொம்பு எவ்வளவு துருத்திக்கொண்டு இருக்கிறதோ அவ்வளவு வளைவு. ஸ்கேனரும் இதைத்தான் செய்கிறது. லேசர் ஒரு கோட்டை வீசுகிறது. பக்கத்தில் ஒரு கோணத்தில் இருக்கும் கேமரா அந்த வளைவைப் பார்க்கிறது. லேசர், கேமரா, பொருளின் மேல் விழுந்த புள்ளி மூன்றும் ஒரு முக்கோணம். பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்குத்தான். அதை இன்றைய கருவிகள் நொடிக்குப் பல லட்சம் புள்ளிகளுக்குப் போடுகின்றன. அவ்வளவு புள்ளிகளும் சேர்ந்தால் கம்ப்யூட்டரில் அந்தப் பாகத்தின் உருவமே வந்துவிடும். அதை டிசைன் மாடலின் மேல் பொருத்தி, ஒத்துப்போகும் இடத்துக்குப் பச்சை, அளவு கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று நிறம் தீட்டிக் காட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. பம்பு கேசிங் என்பது நத்தைக் கூடு போல வளைந்து போகும் வார்ப்பு. அந்தக் காலத்தில் அதை எப்படிப் பார்த்தோம்? தகட்டில் வெட்டிய டெம்ப்ளேட்டை நாலைந்து இடத்தில் வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்போம். டெம்ப்ளேட் வைத்த இடங்களில் சரியாக இருக்கும். இரண்டு டெம்ப்ளேட்டுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். ஸ்கேனர் வந்த பிறகுதான் அந்த நடுப்பகுதியையே கண்ணால் பார்த்தோம். பேட்டர்ன் எங்கே தேய்ந்திருக்கிறது, வார்ப்பு எங்கே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. டிராயிங்கே இல்லாத பழைய இம்பெல்லரைப் புதிதாகச் செய்ய வேண்டுமானாலும் இதைப் போல வேறில்லை. ஒளியை நான் குறை சொல்ல முடியுமா? 1983-இலிருந்து மீட்டர் என்பதையே ஒளியை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கிலிருந்துதான் ஒரு மீட்டர்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2009 வாக்கில் நான் வேலை பார்த்த இடத்தில் முதல் லேசர் ஸ்கேனர் வந்தது. பூசை போட்டு, பொட்டு வைத்து, ஏ.சி. அறையில் உட்கார வைத்தோம். இரண்டு இளம் இன்ஜினியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. எனக்கு அரை நாள். முதலாளியிலிருந்து பர்ச்சேஸ்காரர் வரை எல்லோருக்கும் அந்த நிறப்படம் ரொம்பப் பிடித்துவிட்டது. எண்களைப் படிக்க வேண்டியதில்லை. பச்சையா, வாங்கு. சிவப்பா, திருப்பு.

அப்போது ஆவாரம்பாளையத்தில் ஒருவர் எங்களுக்கு மோட்டாரின் எண்ட் கவர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டாரின் இரண்டு முனையையும் மூடி, பேரிங்கைத் தாங்குகிற பாகம் அது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஆறு ஆட்கள், அவரும் ஓர் ஆள். வார்ப்பைச் சொந்தக் காசில் வாங்கி, கடைந்து, துளை போட்டுத் தருவார். பத்து வருடத்தில் அவருடைய பீஸ் திரும்பிப் போனது மிகக் குறைவு.

ஒருமுறை 320 பீஸ் வந்தது. ஐந்தை எடுத்து ஸ்கேன் செய்தார்கள். ஐந்திலும் போல்ட் துளைகள் சிவப்பு. 0.3 மி.மீ. விலகல் என்று ரிப்போர்ட். டிராயிங்கில் அனுமதி 0.1 மி.மீ.தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பீஸ், துணியில் சுற்றி.

"ஏனுங்க சார், அந்தப் பழைய பின் கேஜ் இருக்குமில்லீங்க, அதுல ஒருக்கா மாட்டிப் பாருங்க."

அந்தக் கேஜ் என்னவென்று சொல்ல வேண்டும். எண்ட் கவரில் ஸ்பிகட் என்று வட்டமான ஒரு விளிம்பு உண்டு. மோட்டார் பாடிக்குள் அதுதான் உட்காரும். கேஜ் என்பது கனமான ஓர் இரும்புத் தட்டு. நடுவில் ஸ்பிகட் உட்காரும் குழி, சுற்றிலும் போல்ட் துளைகளுக்கு நான்கு பின். பாகம் சரியாக இருந்தால் நச்சென்று உட்காரும். இல்லாவிட்டால் உட்காராது. அதற்கு நிறமும் தெரியாது, எண்ணும் தெரியாது.

ஸ்கேனர் வந்த பிறகு அந்தக் கேஜ் ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிருந்தது. எடுத்து வரச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. நான் சொல்லவில்லை. "அதெல்லாம் பழைய முறைங்க. இது மைக்ரான் கணக்கு" என்றேன். இளம் பையன்கள் முன்னால் பழைய ஆளாகத் தெரியக் கூடாது என்று எனக்குள் ஒரு நினைப்பு. அதுதான் உண்மை. அவர் ஒன்றும் பேசாமல் பீஸைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். 320 பீஸும் திரும்பிப் போயின.

எட்டு மாதம் கழித்து, வேறொருவர் செய்து தந்த அதே எண்ட் கவரும் சிவப்பாக வந்தது. அப்போது ரிட்டயர் ஆகப் போகிற எங்கள் ஃபோர்மேன் ஒருவர், யாரையும் கேட்காமல் அந்தக் கேஜை எடுத்து வந்து மாட்டினார். பாகம் நச்சென்று உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. பத்தும் உட்கார்ந்தது. அறையில் யாரும் பேசவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து தோண்டியதில் காரணம் தெரிந்தது. கருவியில் கோளாறு இல்லை. புள்ளிகள் எல்லாம் சரிதான். அந்தப் புள்ளிகளை டிசைன் மாடலின் மேல் எப்படிப் பொருத்தினோம் என்பதில்தான் தப்பு.

நம் வீட்டு உதாரணம் சொல்கிறேன். தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டையை அளவுச் சட்டையின் மேல் போட்டுப் பார்க்கிறீர்கள். தோள் தையலோடு தோள் தையலை வைத்துப் பிடித்தால், நீளம் எங்கே கூடியிருக்கிறது என்று அடியில் தெளிவாகத் தெரியும். அப்படிச் செய்யாமல், எல்லாப் பக்கமும் கூடியமட்டும் ஒத்து வரட்டும் என்று இழுத்து இழுத்துப் பரப்பினால்? அடியில் இருந்த ஒரே ஒரு தப்பு தோளுக்கும் கைக்கும் காலருக்கும் பங்கு போட்டுக்கொள்ளும். சரியாகத் தைத்த தோளும் தப்பாகத் தெரியும்.

ஸ்கேனர் மென்பொருளில் இப்படிப் பரப்புவதற்கு 'பெஸ்ட் ஃபிட்' என்று பெயர். எங்கள் பையன்கள் அதைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். எண்ட் கவரின் வெளிப்புறம் கடையாத பச்சை வார்ப்பு. மோல்டின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சற்று விலகி உட்கார்ந்தால் அந்த வெளிப்புறம் அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அதனால் மோட்டாருக்கு ஒரு கெடுதலும் இல்லை. டிராயிங்கிலேயே அதற்கு அனுமதி உண்டு. ஆனால் பரப்பில் பெரியது அதுதான். கம்ப்யூட்டர் அந்த வெளிப்புறத்தை ஒத்துப்போக வைக்க முயன்றபோது, துல்லியமாகக் கடைந்த ஸ்பிகட்டும் பேரிங் துளையும் போல்ட் துளைகளும் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்துவிட்டன. டிராயிங் சொன்னதோ வேறு: ஸ்பிகட்டிலிருந்து அள.

பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து பீஸிலும் எல்லாத் துளைகளும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தன. டிரில் போடும்போது தப்பு வந்தால் இப்படி வராது. ஒன்று இப்படி, ஒன்று அப்படிப் போகும். எல்லாம் ஒன்றாக நகர்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பொருத்திய முறையை. முப்பத்து மூன்று வருட அனுபவம் உள்ளவன் பார்த்தவுடன் பிடித்திருக்க வேண்டும். நான் எண்ணைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தேன்.

ஆவாரம்பாளையத்துக்குப் போனேன். பட்டறையில் ஒரு லேத்தான் இருந்தது. இன்னொன்றை விற்று, வார்ப்புக்காரருக்கும் ஆட்களுக்கும் பாக்கியைக் கொடுத்துவிட்டாராம். ஆறு பேரில் மூன்று பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த 320 பீஸ்? எடைக்குப் போட்டாயிற்று. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ வாங்கி வரச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து, "ஒருக்கா மாட்டிப் பாத்திருக்கலாமுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

கம்பெனி அவருக்கு மறுபடி ஆர்டர் கொடுத்தது. போன பணத்தைக் கொடுக்கவில்லை. நானும் வாயால் கேட்டுப் பார்த்தேனே தவிர, எழுத்தில் கொடுத்து வற்புறுத்தவில்லை. எழுத்தில் கொடுத்தால் என் கையெழுத்தும் அதில் வந்து நிற்கும் அல்லவா.

இனி என் கருத்து.

கிராமத்தில் நிலம் அளந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சர்வேயர் முதலில் என்ன செய்வார்? சங்கிலியை எடுப்பதற்கு முன் எல்லைக்கல்லைத் தேடுவார். வேப்பமரத்திலிருந்து அளந்தால் சங்கிலி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடுத்தவர் நிலம் நம் வரப்புக்குள் வந்துவிடும். இயந்திரப் பாகத்துக்கும் எல்லைக்கல் உண்டு. டிராயிங்கில் ஏ, பி, சி என்று பெட்டி போட்டுக் குறித்திருப்பார்கள், டேட்டம் என்று. அளவு என்பது கருவியில் இல்லை, எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. நிறப்படத்தில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அது ஆபத்து.

நிறத்தின் எல்லையையும் மனிதர்தான் வைக்கிறார். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் சிவப்பு என்று வைத்தால் முழுப் பச்சையாகத் தெரியும் அதே பாகம், 0.05 மி.மீ. என்று வைத்தால் ரத்தக்களரியாகத் தெரியும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. உலகம் முழுவதும் தொழிற்சாலை அளவுகளுக்கு அடிப்படை 20 டிகிரி. நம் ஊர் ஏப்ரல் மத்தியானத்தில் 36 டிகிரியில் டெம்போவில் வந்திறங்கிய 300 மி.மீ. அலுமினியப் பாகத்தை உடனே ஸ்கேன் செய்தால், வெறும் சூட்டினாலேயே சுமார் 0.11 மி.மீ. நீண்டிருக்கும். அனுமதி 0.1 என்றால், சூடே அதை முழுங்கிவிட்டது. ஏ.சி. அறையில் சில மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். அவசரத்தில் யார் வைக்கிறார்கள்?

பளபளப்பு இன்னொரு தொல்லை. எவர்சில்வர் தட்டை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். பளபளப்பான பாகத்தின் மேல் வெள்ளைப் பவுடரை ஸ்பிரே செய்துதான் பல சமயம் ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தப் பவுடருக்கும் சில மைக்ரான் கனம் உண்டு. கை தாராளமாக இருந்தால் பத்து, இருபது மைக்ரான் ஏறிவிடும்.

கருவிக்கும் ஒரு தகுதி இருக்கிறது. 80 மி.மீ. பேரிங் துளைக்கு வழக்கமான அனுமதி பூஜ்யம் முதல் 30 மைக்ரான் வரைதான். கையில் பிடிக்கும் ஸ்கேனர்கள் பலவற்றின் துல்லியமே 20 முதல் 50 மைக்ரான். அளக்கும் கருவி, அனுமதியைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழைய விதி. குறைந்தது நாலு மடங்காவது வேண்டும். பேரிங் துளைக்குப் போர் டயலும் மைக்ரோமீட்டரும்தான். வளைவுக்கு ஸ்கேனர், துளைக்குப் போர் டயல். மாவு சலிக்கிற சல்லடையில் தண்ணீர் மொள்ள முடியாது.

இளம் இன்ஜினியர்கள் சொல்லலாம்: "சார், இப்போ மென்பொருள் எல்லாம் மாறிடுச்சு. டேட்டத்தை வைத்துப் பொருத்த ஒரு கிளிக் போதும்." உண்மைதான். ஆனால் அந்த ஒரு கிளிக்கை யார் செய்வது? டிராயிங்கைப் படிக்கத் தெரிந்தவன்தான் செய்வான். சர்ஃபேஸ் பிளேட்டில் பாகத்தை வைத்து, டயல் கேஜை ஓட்டி, 'இதைத் தாங்கி நிற்கிற முகம் எது?' என்று ஆறு மாதம் யோசித்தவனுக்கு அந்தக் கிளிக் தானாக வரும். மூன்று நாள் பயிற்சியில் வராது. எனக்கு வந்த புத்தியே எட்டு மாதம் தாமதமாகத்தான் வந்தது.

ஆகவே, நிறப்படத்தை மட்டும் வைத்து ஒரு லாட்டைத் திருப்பக் கூடாது. ரிப்போர்ட்டில் எந்த டேட்டத்தில் பொருத்தினார்கள், எத்தனை டிகிரியில் அளந்தார்கள், பவுடர் அடித்தார்களா என்பதை எழுதியே ஆக வேண்டும். பீஸ் செய்து கொடுத்தவர் மறு அளவு கேட்டால், அவர் கண் முன்னால், அவர் சொல்லும் கேஜையும் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஸ்கேனர் வாங்க முடிந்தவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா? ஸ்கேனர் வாங்க முடியாத பட்டறைக்காரருக்கு அந்த அரை மணி நேரம்தான் ஒரு லேத்.

மச்சினர் மகன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "போய்ச் சண்டை போடாதே. எந்த டேட்டத்தில் பொருத்தினீர்கள் என்று மட்டும் மரியாதையாகக் கேள்" என்று சொல்லி அனுப்பினேன். அங்கே இருந்த பெண் இன்ஜினியர் நல்ல பெண் போலிருக்கிறது. கோபப்படாமல் திறந்து பார்த்தாராம். பெஸ்ட் ஃபிட். டிராயிங்கில் இருந்த டேட்டத்தை வைத்து அந்த அம்மாவே 60 பீஸையும் மறுபடி பார்த்ததில், 52 தேறிவிட்டன.

மீதி எட்டு நிஜமாகவே தப்பு. அதையும் சொல்ல வேண்டும். இவன் ஃபிக்ஸ்சரில் ஒரு லொகேட்டிங் பின் தேய்ந்திருந்தது. வெர்னியரை வைத்து அளந்த இவன் கண்ணுக்கு அது படவில்லை. ஸ்கேனர் காட்டிக் கொடுத்தது. பின்னை மாற்றிவிட்டான்.

நம் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது இந்த வேலையில் இருந்தால், அளக்கிற பக்கம் இருந்தாலும் சரி, அளக்கப்படுகிற பக்கம் இருந்தாலும் சரி, இந்த ஒரு கேள்வியை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: எங்கிருந்து அளந்தீர்கள்? 2009-இல் அதை நான் கேட்டிருந்தால் ஆவாரம்பாளையத்தில் இரண்டாவது லேத் ஓடிக்கொண்டிருக்கும்.